விற்பதா, பேசுவதா, வாக்களிப்பதா? மனித உரிமை மீறும் நிறுவனத்தின் பங்கு கையில் இருந்தால்

2012 அக்டோபரில் ஒரே விவகாரம் குறித்த புகார் மூன்று நாடுகளுக்குப் போனது. தென்கொரியாவின் போஸ்கோ, ஒடிசாவின் ஜகத்சிங்பூர் மாவட்டத்தில் 12 பில்லியன் டாலரில் எஃகு ஆலை கட்ட 2005-லேயே ஒப்பந்தம் போட்டிருந்தது. நிலத்தையும் வெற்றிலைக் கொடிக்கால்களையும் இழக்கவிருந்த கிராமத்தாரிடம் முறையாகக் கலந்து பேசவில்லை என்பது புகார். கொரியாவுக்குப் புகார் போனது புரிகிறது, ஆலைக்காரர் அங்கேதான் இருக்கிறார். நெதர்லாந்துக்கும் நார்வேக்கும் எதற்கு? அந்த நாடுகளின் இரண்டு பெரிய ஓய்வூதிய நிதிகள் போஸ்கோவில் சிறிய அளவு பங்கு வைத்திருந்தன. அதுதான் காரணம்.

நெதர்லாந்தின் ஏபிபி நிதியும் அதன் பணத்தை நிர்வகிக்கும் ஏபிஜியும் புகார் கொடுத்தவர்களோடு உட்கார்ந்து பேசின. நிறுவனத்திடம் தமக்குள்ள செல்வாக்கைப் பயன்படுத்துவதாக உடன்பாட்டுக்கு வந்தன. நார்வே அரசு நிதியின் நிர்வாகிகளோ, புகாருக்கு அடிப்படையான விதிகள், அதாவது வளர்ந்த நாடுகள் பெரும்பாலும் சேர்ந்திருக்கும் ஓஇசிடி என்ற பொருளாதார அமைப்பு பன்னாட்டு நிறுவனங்களுக்கு வகுத்தவை, சிறுபான்மைப் பங்குதாரர்களுக்குப் பொருந்தவே பொருந்தாது என்று வாதிட்டார்கள். 2013 மே மாதம் நார்வேயில் இந்தப் புகாரை விசாரித்த அமைப்பு அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பு சொன்னது. விசாரணைக்கு ஒத்துழைக்காததும் தவறு, குழந்தைத் தொழிலாளர் தவிர்த்த மற்ற மனித உரிமை ஆபத்துகளைக் கண்டறிய வழிமுறையே வைத்துக்கொள்ளாததும் தவறு என்றது.

நிறுவன முதலீட்டாளர் என்றால் ஓய்வூதிய நிதி, காப்பீட்டு நிறுவனம், மியூச்சுவல் ஃபண்ட், அரசு முதலீட்டு நிதி, தேவாலயமோ பல்கலைக்கழகமோ நடத்தும் அறக்கட்டளை எல்லாம் சேர்த்துத்தான். அடுத்தவர் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான நிறுவனங்களில் துளித்துளியாகப் பங்கு வைத்திருப்பவர்கள். நம்மிடம் இருப்பது அரை சதவீதம், நமக்கென்ன பொறுப்பு என்ற பேச்சு 2013-க்குப் பிறகு எடுபடவில்லை. 2011-ல் ஐ.நா. மனித உரிமை மன்றம் ஏற்றுக்கொண்ட வழிகாட்டு நெறிகள் மொத்தம் 31. ஒரு தீங்கை நாமே செய்வது, அதற்குத் துணைபோவது, நம் வணிக உறவு வழியாக அதனோடு தொடர்புபட்டிருப்பது என்று மூன்றையும் அவை பிரித்துச் சொல்கின்றன. பங்கு வைத்திருப்பவர் பெரும்பாலும் மூன்றாவது வகை. தீங்குக்கு நஷ்டஈடு தரும் கடமை அவருக்கு நேரடியாக வராது. ஆனால் தன் செல்வாக்கைப் பயன்படுத்தும் கடமை வரும். ஓஇசிடி அமைப்பு 2017-ல் நிறுவன முதலீட்டாளர்களுக்கென்றே வெளியிட்ட வழிகாட்டியும் இதையே சொல்கிறது.

பொறுப்பு உண்டு என்பது முடிந்துபோன வாதம். எந்த வழியில் அதை நிறைவேற்றுவது என்பதுதான் ஒரு நிதியின் முதலீட்டுக் குழுவுக்கு முன்னால் உண்மையில் வந்து நிற்கும் முடிவு. விற்கலாம், பேசலாம், ஓட்டுப் போடலாம், மற்ற முதலீட்டாளர்களோடு சேரலாம், பணம் போடும் முன்பே நிபந்தனை வைக்கலாம். இந்த ஐந்தையும் எடைபோட நான் வைத்துக்கொள்ளும் அளவுகோல் ஒன்றுதான்: அந்த ஆலைக்குள் இருப்பவருக்கோ அந்த ஊரில் இருப்பவருக்கோ ஏதாவது மாறியதா? எத்தனை கடிதம் எழுதினோம், எத்தனை கூட்டம் நடத்தினோம் என்று நிதிகள் ஆண்டறிக்கையில் போடும் கணக்கு இந்த அளவுகோலில் செல்லாது.

விற்றுவிட்டுப் போவது

எல்லாருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். வேகமாக நடக்கும், செய்தியாகும், மனசாட்சிக்கும் இதமாக இருக்கும். சிக்கல் பங்குச் சந்தை இயங்கும் விதத்தில் இருக்கிறது. நீங்கள் விற்கும் பங்கை இன்னொருவர் வாங்குகிறார், அவ்வளவுதான். நிறுவனத்தின் கல்லாவிலிருந்து ஒரு காசு குறைவதில்லை. வாங்கியவர் மனித உரிமை பற்றிக் கேள்வியே கேட்காதவராக இருந்தால், கேள்வி கேட்கும் ஒரு ஆள் குறைந்ததுதான் மிச்சம்.

நார்வே நிதியின் கதையையே இன்னொரு முறை பார்க்கலாம். அந்த நிதிக்கு 2004 முதல் ஒரு அறநெறிக் குழு உண்டு. 2007-ல் அது வேதாந்தா நிறுவனத்தை விரிவாக ஆய்வு செய்தது. தூத்துக்குடி தாமிர உருக்காலை, மேட்டூர் அலுமினிய ஆலை, சத்தீஸ்கரின் கோர்பா, ஒடிசாவின் லாஞ்சிகர் என்று ஒவ்வொரு ஆலையாக எடுத்து, சுற்றுச்சூழல் நாசத்தையும் மனித உரிமை மீறலையும் பட்டியலிட்டது. அதே ஆண்டில் நிதி, வேதாந்தாவையும் ஸ்டெர்லைட்டையும் மெட்ராஸ் அலுமினியத்தையும் தன் முதலீட்டிலிருந்து விலக்கியது. 2010-ல் இங்கிலாந்து திருச்சபையும் வேதாந்தா பங்குகளை விற்றது. இவை எல்லாம் நடந்த பிறகும் ஆலைகள் ஓடின. லாஞ்சிகர் ஆலைக்காக நியம்கிரி மலையில் தோண்டவிருந்த சுரங்கத்தை நிறுத்தியது 2013-ல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி கூடிய 12 கிராம சபைகளின் ஒருமித்த மறுப்பு. தூத்துக்குடி ஆலைக்குப் பூட்டு விழுந்தது 2018 மே மாதம், 22-ஆம் தேதி துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் செத்த பிறகு. நார்வே கிளம்பிப் போய்ப் பத்தரை ஆண்டு ஆகியிருந்தது.

இதைச் சொன்னால், விற்றதால் பயனே இல்லையா என்று கேட்பார்கள். உண்டு. அந்த அறநெறிக் குழுவின் அறிக்கை பொதுவில் வெளியானது. எந்த ஆலை, என்ன குற்றம், என்ன ஆதாரம் என்று ஒரு வெளிநாட்டு நிதி எழுதிவைத்ததை நியம்கிரிக்காகப் போராடியவர்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். விற்றதைவிட, ஏன் விற்றோம் என்று எழுதி வெளியிட்டதுதான் வேலை செய்தது என்பது என் கணிப்பு. காரணம் சொல்லாமல் ஓசைப்படாமல் விற்கும் நிதிகளும் ஏராளம். அவர்களால் அந்தப் பயனும் இல்லை.

விற்பதில் இன்னொரு வகை உண்டு. வியாபாரமே குற்றமாக இருக்கும் இடம். கொத்துக் குண்டு செய்கிறவரிடம் போய் மனித உரிமையை மதியுங்கள் என்று பேச எதுவுமில்லை, விற்பது ஒன்றே வழி. கூட்டாளியாக ஒரு ராணுவம் நிற்கும் இடமும் கிட்டத்தட்ட இப்படித்தான். 2021 பிப்ரவரியில் மியான்மரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அதானி போர்ட்ஸ் அங்கே ராணுவத்துக்குச் சொந்தமான நிறுவனத்திடம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துத் துறைமுகம் கட்டிக்கொண்டிருந்தது. நார்வேயின் இன்னொரு ஓய்வூதிய நிதியான கேஎல்பி, அந்த ஆண்டு ஜூனிலேயே அதானி போர்ட்ஸ் பங்குகளை விற்றது. 2023 மே மாதம் அதானி போர்ட்ஸ் அந்தத் துறைமுகத்தை 30 மில்லியன் டாலருக்குக் கொடுத்துவிட்டு வெளியேறியது. போட்ட பணத்தில் அது சிறு பகுதிதான். இங்கே விற்பனை மட்டும் தனியாக வேலை செய்யவில்லை, அமெரிக்கத் தடைகளின் அழுத்தமும் சேர்ந்துகொண்டது. அரசுத் தடை, வங்கிகளின் தயக்கம், வெளியேறும் முதலீட்டாளர் மூன்றும் ஒரே திசையில் தள்ளும்போது விற்பனைக்குப் பல் முளைக்கிறது.

ஒரு பங்குக் குறியீட்டில் உள்ள பங்குகளை அப்படியே வாங்கி வைத்திருக்கும் இன்டெக்ஸ் ஃபண்டுகளில் இன்று பெரும் பணம் இருக்கிறது. குறியீட்டில் உள்ள பங்கை அவை விற்கவே முடியாது. அவர்களுக்கு இந்த வழி திறந்ததே இல்லை, மற்ற நான்கில்தான் தேட வேண்டும்.

உள்ளே இருந்து பேசுவது

நிதிகள் மிகவும் விரும்பும் வழி, மிக அதிகமாக ஏமாறும் வழியும் இதுதான்.

ஒரு பேச்சுவார்த்தை எப்படிப் போகும் என்று கிட்டப்போய்ப் பார்த்தால் காரணம் புரியும். நிதி ஒரு கடிதம் எழுதுகிறது. ஆறு வாரம் கழித்துப் பதில் வருகிறது, முதலீட்டாளர் உறவுத் துறையிலிருந்து. மனித உரிமையை நிறுவனம் மிகுந்த அக்கறையோடு பார்க்கிறது, சப்ளையர்களுக்கு நடத்தை விதிகள் உள்ளன, வெளித் தணிக்கை ஆண்டுதோறும் நடக்கிறது, இணைப்பில் கொள்கை ஆவணம் உள்ளது. அடுத்து ஒரு வீடியோ அழைப்பு, முக்கால் மணி நேரம். அதில் முப்பது நிமிடம் ஸ்லைடு. கடைசியில் அடுத்த ஆண்டு மறுபடி பேசலாம் என்று முடியும். நிதியின் பதிவேட்டில் "பேச்சுவார்த்தை தொடர்கிறது" என்று ஏறும். இப்படியே ஐந்து வருடம் ஓட்டலாம், ஓட்டியிருக்கிறார்கள்.

அந்தப் பதிலில் ஆபத்தான சொல் "வெளித் தணிக்கை". 2012 செப்டம்பரில் கராச்சியின் அலி என்டர்பிரைசஸ் ஆடை ஆலை எரிந்து 250-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்குச் சில வாரங்கள் முன்புதான் அந்த ஆலைக்குப் பணியிடத் தரத்துக்கான எஸ்ஏ8000 சான்றிதழ் கிடைத்திருந்தது. 2019 ஜனவரி 25-ஆம் தேதி பிரேசிலின் புருமாடின்யோவில் வாலே நிறுவனத்தின் சுரங்கக் கழிவு அணை உடைந்து 270 பேர் இறந்தார்கள். தொழிலாளர்களின் சாப்பாட்டுக் கூடம் அணைக்கு நேர்க் கீழே இருந்தது, சேறு வந்தது மதியச் சாப்பாட்டு நேரத்தில். அந்த அணை உறுதியாக இருக்கிறது என்று முந்தைய ஆண்டுதான் ஒரு ஜெர்மன் தணிக்கை நிறுவனத்தின் துணை நிறுவனம் சான்று கொடுத்திருந்தது. நிறுவனம் காசு கொடுத்து வரவழைக்கும் தணிக்கையாளரின் தாளை வைத்துக்கொண்டு பேசப் போகும் முதலீட்டாளர், நிறுவனத்தின் குரலையேதான் இரண்டாவது முறை கேட்கிறார். தொழிற்சங்கத்தையோ ஊர்க்காரரையோ தனியாகக் கேட்காத பேச்சுவார்த்தையை நான் பேச்சுவார்த்தையாகவே கணக்கில் எடுப்பதில்லை.

பேச்சு பலித்த இடங்களும் உண்டு. பலித்த இடங்களில் எல்லாம் ஒரு தேதி இருந்திருக்கிறது.

தென்னாப்பிரிக்க நிறவெறிக் காலத்தை எடுத்துக்கொள்ளலாம். ஜெனரல் மோட்டார்ஸ் இயக்குநர் குழுவில் இருந்த கறுப்பினப் போதகர் லியோன் சல்லிவன், 1977-ல் ஒரு நெறித் தொகுப்பைக் கொண்டுவந்தார். தென்னாப்பிரிக்காவில் தொழில் நடத்தும் அமெரிக்க நிறுவனங்கள் உணவுக்கூடத்தில் பிரிவினை வைக்கக் கூடாது, ஒரே வேலைக்கு ஒரே சம்பளம் தர வேண்டும் என்பன போன்றவை. கையெழுத்துப் போட வரிசையில் வந்தார்கள். வெளியேறாமல் உள்ளேயே இருக்க அது நல்ல சாக்கும் ஆனது. எட்டு ஆண்டு பார்த்துவிட்டு 1985-ல் சல்லிவன் இரண்டு ஆண்டுக் கெடு வைத்தார். அதற்குள் நிறவெறிச் சட்டங்கள் போகாவிட்டால் எல்லாரும் கிளம்ப வேண்டும் என்றார். 1987-ல் கெடு முடிந்தது. தன் பெயர் தாங்கிய நெறிகளையே கைவிட்டு, நிறுவனங்கள் வெளியேற வேண்டும் என்று அறிவித்தார். கெடு ஓடிக்கொண்டிருந்த 1986-லேயே ஜெனரல் மோட்டார்ஸ் தென்னாப்பிரிக்கக் கிளையை விற்பதாக அறிவித்திருந்தது. அங்கே நடந்த கிளர்ச்சி, அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் போராட்டம், அமெரிக்க நாடாளுமன்றத்தின் தடைச் சட்டம் எல்லாவற்றுக்கும் இதில் பங்கு உண்டு. ஆனாலும் கெடு இல்லாத எட்டு ஆண்டில் நெறிகள் சம்பளத்தையும் சாப்பாட்டுக் கூடத்தையும் தாண்டவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இன்னொன்று ரியோ டின்டோ. 2020 மே 24-ஆம் தேதி மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜூக்கன் கார்ஜ் குகைகளை இரும்புத்தாதுக்காக அந்த நிறுவனம் வெடிவைத்துத் தகர்த்தது. 46,000 ஆண்டுகளாக மனிதர்கள் வந்துபோன தடயம் இருந்த இடம், புட்டு குன்ட்டி குர்ராமா, பினிக்குரா மக்களுக்குப் புனிதமானது. வெடிக்க அரசின் முறையான அனுமதி இருந்தது. சட்டப்படி சரி என்பது மனித உரிமையை மதித்ததாகிவிடாது என்று ஐ.நா. நெறிகள் சொல்வதற்கு இதைவிட எடுப்பான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. ஆகஸ்டில் இயக்குநர் குழு தன் விசாரணையை முடித்து, தலைமை நிர்வாகிக்கும் இன்னும் இருவருக்கும் போனஸைக் குறைத்தது. அதோடு விட்டுவிடலாம் என்று நினைத்திருப்பார்கள். ஆஸ்திரேலிய ஓய்வூதிய நிதிகள் விடவில்லை. போனஸ் வெட்டு போதாது என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். மூன்று வாரம்கூட ஆகவில்லை, செப்டம்பர் 11-ஆம் தேதி அந்த மூவரும் பதவி விலகுவதாக அறிவிப்பு வந்தது. அடுத்த மார்ச்சில் இயக்குநர் குழுத் தலைவரும் மறுதேர்தலுக்கு நிற்கப் போவதில்லை என்றார்.

பங்கை விற்றிருந்தால் இது நடந்திருக்காது. இதை எல்லாரும் பேச்சின் வெற்றி என்று கொண்டாடுவார்கள். நான் பாதிதான் கொண்டாடுவேன். நாற்காலிகள் மாறின, குகை திரும்பவில்லை. அந்த நிலத்துக்காரர்களோடு நிறுவனம் என்ன ஒப்பந்தம் வைத்திருக்கிறது, எதிர்ப்புச் சொல்ல அவர்களுக்கு அதில் இடம் உண்டா என்று 2020-க்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

ஓட்டுப் போடுவது

1971-ல் அமெரிக்க எபிஸ்கோபல் திருச்சபை, ஜெனரல் மோட்டார்ஸ் தென்னாப்பிரிக்காவை விட்டு வெளியேற வேண்டும் என்று பங்குதாரர் கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவந்தது. இரண்டு சதவீத ஓட்டுகூடத் தேறவில்லை. அந்தக் கூட்டத்தில் தன் சக இயக்குநர்களுக்கு எதிராக எழுந்து தீர்மானத்தை ஆதரித்துப் பேசியவர் இதே சல்லிவன்தான். தோற்ற தீர்மானத்துக்கும் ஆயுசு உண்டு என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இன்றைய கதை ஸ்டார்பக்ஸ். தொழிலாளர்கள் சங்கம் வைக்கும் உரிமையை நிறுவனம் எப்படி நடத்துகிறது என்று சுயேச்சையான ஆய்வு வேண்டும் என்ற தீர்மானம், 2023 மார்ச்சில் 52 சதவீத ஓட்டோடு நிறைவேறியது. அந்த ஆண்டு முடிவதற்குள் ஆய்வறிக்கை வந்தது. அடுத்த ஆண்டு தொடக்கத்தில் நிறுவனமும் சங்கமும் பேச்சுவார்த்தைக்கான வழிமுறையை வகுப்பதாகச் சேர்ந்தே அறிவித்தன. கூலி ஒப்பந்தம் உடனே வந்துவிடவில்லை. ஆனால் மேசைக்கே வராத தரப்பு மேசைக்கு வந்தது.

ஓட்டின் எல்லைகளும் தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் இந்த மாதிரித் தீர்மானங்கள் பெரும்பாலும் ஆலோசனை மட்டுமே, நிறைவேறினாலும் நிறுவனம் கட்டுப்பட வேண்டியதில்லை. நிறுவனர் கையில் சிறப்பு ஓட்டுப் பங்குகள் (ஒரு பங்குக்குப் பல ஓட்டு) இருந்தால் தீர்மானம் தோற்பது முன்கூட்டியே முடிவான விஷயம். மெட்டாவில் மார்க் ஸக்கர்பெர்க் ஒருவரே சுமார் 60 சதவீத ஓட்டைக் கையில் வைத்திருக்கிறார். மற்ற எல்லாரும் கூடி நின்றாலும் ஜெயிக்க முடியாது. போதாததற்கு உலகின் மிகப் பெரிய நிதி நிர்வாகியான பிளாக்ராக், சமூக, சுற்றுச்சூழல் தீர்மானங்களில் 2021-ல் 47 சதவீதத்தை ஆதரித்தது, 2024-ல் வெறும் 4 சதவீதத்தை. தீர்மானங்களின் தரம் குறைந்துவிட்டது என்பது அவர்கள் சொல்லும் காரணம். அமெரிக்க அரசியல் காற்று மாறியதையும் சேர்த்துப் படிப்பதுதான் சரி.

என் அனுபவத்தில் தீர்மானத்தைவிடக் கூர்மையானது வாக்குச் சீட்டின் மேல்பகுதி. எல்லாரும் தீர்மானம் இருக்கும் கடைசி வரிகளுக்குப் போய்விடுகிறார்கள். மேலே இயக்குநர்களின் பெயர் ஒவ்வொன்றாக, எதிரே ஆதரவு, எதிர்ப்பு என்று கட்டம் இருக்கிறது. மனித உரிமை விவகாரத்தைக் கவனிக்க வேண்டிய துணைக்குழுவுக்குத் தலைவர் யாரோ அவர் பெயருக்கு நேரே எதிர்ப்பைக் குறித்தால், அது அந்த நபருக்கு உறைக்கிறது. இருபது சதவீதம் எதிர்ப்பு வந்தாலே அடுத்த மாதம் நிதிக்கு அவரிடமிருந்து ஃபோன் வரும். ரியோ டின்டோவில் 2021-ல் நிர்வாகிகளின் சம்பள அறிக்கைக்கு எதிராக அறுபது சதவீதத்துக்கும் மேல் விழுந்தது. வெளியே போன தலைமை நிர்வாகிக்குக் கொடுத்த தொகை முதலீட்டாளர்களுக்கு அவ்வளவு உறுத்தியிருந்தது.

ஓட்டை முன்கூட்டியே அறிவிப்பது இன்னும் நல்லது. நார்வே அரசு நிதி 2021 முதல் கூட்டத்துக்கு ஐந்து நாள் முன்பே தன் ஓட்டை வெளியிடுகிறது. உலகின் பட்டியலிட்ட பங்குகளில் சுமார் 1.5 சதவீதம் அதனிடம் இருக்கிறது, எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள். செலவே இல்லாத வழி, சிறிய நிதியும் செய்யலாம்.

சேர்ந்து போவது

அரை சதவீதம் வைத்திருப்பவர் தனியாகப் பேசினால் முதலீட்டாளர் உறவுத் துறை பதில் எழுதும். பத்துப் பேர் சேர்ந்து ஐந்து சதவீதமாகப் போனால் தலைமை நிர்வாகி வருவார். கணக்கு எளிது. பூனைக்கு மணி கட்டுவது யார் என்பதுதான் எப்போதும் சிக்கல், ஒருவர் உழைப்பில் எல்லாரும் பலன் பெறலாம் என்று காத்திருப்பார்கள்.

மணி கட்டிய உதாரணம் புருமாடின்யோவுக்குப் பிறகு வந்தது. இங்கிலாந்து திருச்சபையின் ஓய்வூதிய வாரியமும் ஸ்வீடன் பொது ஓய்வூதிய நிதிகளின் அறநெறிக் குழுவும் முன்னால் நின்றன. 700-க்கும் மேற்பட்ட சுரங்க, எண்ணெய் நிறுவனங்களுக்கு ஒரே கேள்வித்தாள் போனது. உங்களிடம் எத்தனை கழிவு அணைகள், ஒவ்வொன்றும் எங்கே, எவ்வளவு உயரம், உடைந்தால் கீழே யார்? பதிலில் தலைமை நிர்வாகியோ வாரியத் தலைவரோ கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டார்கள். அந்தக் கையெழுத்துதான் இதில் சாமர்த்தியம், நாளைக்கு எனக்குத் தெரியாது என்று சொல்ல வழியில்லை. வந்த விவரங்கள் எல்லாரும் பார்க்கும் தரவுத்தளமாக வெளியாயின. ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பும் சுரங்க நிறுவனங்களின் சங்கமும் சேர்ந்து, 2020 ஆகஸ்டில் கழிவு அணைகளுக்கான உலகத் தரநிலை வெளிவந்தது. ஒரு நிறுவனத்தின் பங்கை விற்பதோ அதைத் திட்டுவதோ செய்ய முடியாத வேலை இது, ஒரு தொழில் முழுவதையும் நகர்த்தியது.

எல்லாக் கூட்டணியும் இப்படி இல்லை. 2020 மார்ச்சில் 176 முதலீட்டாளர்கள் சேர்ந்து, நிறுவனங்களின் மனித உரிமைத் தரவரிசையில் டியூ டிலிஜென்ஸ் (தம் தொழிலில் உள்ள மனித உரிமை ஆபத்துகளைத் தேடிக் கண்டறிந்து சரிசெய்வது) பகுதியில் பூஜ்யம் வாங்கிய 95 நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதினார்கள். அவர்கள் கையிலிருந்த மொத்தப் பணம் 4.5 ட்ரில்லியன் டாலர். அந்த ஆண்டுத் தரவரிசையிலும் ஏறத்தாழப் பாதி நிறுவனங்கள் அதே பகுதியில் பூஜ்யம்தான். ட்ரில்லியன்களைப் பார்த்து யாரும் மயங்க வேண்டாம். கையெழுத்து எத்தனை என்பதைவிட, கேள்வி எவ்வளவு குறிப்பானது, பதில் வராவிட்டால் என்ன நடக்கும் என்று சொல்லியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அணைக் கேள்வித்தாளில் பதில் தராதவர்களின் பெயரும் வெளியே தெரிந்தது. அது ஒரு வித்தியாசம்.

பணம் போடும் முன்பே கேட்பது

இதைப் பற்றிக் குறைவாகப் பேசுகிறார்கள், காரணம் பட்டியலிட்ட பங்குகளில் இதற்கு வழி குறைவு. கடன் பத்திரம், பிரைவேட் ஈக்விட்டி (சந்தையில் பட்டியலிடாத நிறுவனங்களில் போடும் பணம்), உள்கட்டமைப்பு முதலீடு ஆகியவற்றில் கையெழுத்துப் போடும் அந்த ஒரு நாள் முதலீட்டாளர் கை ஓங்கியிருக்கிறது. நிலம் எடுப்பதற்கு முன் கலந்தாய்வு, குறைதீர் வழி, சுயேச்சையான கண்காணிப்பு, மீறினால் அடுத்த தவணை நிற்கும் என்று எழுதிக்கொள்ளலாம். எழுதியது தானாக நடக்காது என்பதும் தெரிந்ததே. உலக வங்கிக் குழுவில் தனியார் நிறுவனங்களுக்குப் பணம் தரும் ஐஎஃப்சியிடம் தாளில் நல்ல தரநிலைகள் இருந்தன. அது கடன் கொடுத்த முந்த்ரா அனல்மின் நிலையத்தால் வாழ்வு கெட்டதாகச் சொன்ன குஜராத் மீனவர்கள் அமெரிக்க நீதிமன்றம்வரை போனார்கள். ஐஎஃப்சி போன்ற சர்வதேச அமைப்புகளுக்கு வழக்குகளிலிருந்து முழுப் பாதுகாப்பு இல்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2019 பிப்ரவரியில் 7-க்கு 1 என்று தீர்ப்பளித்தது. கடைசியில் வழக்கு அவர்களுக்குச் சாதகமாக முடியவில்லை என்றாலும், பணம் கொடுத்தவர் வேடிக்கை பார்த்தவராகவே இருந்துவிட முடியும் என்ற நிம்மதி போய்விட்டது.

லாபம் என்ன ஆகும்

குழுவில் யாராவது ஒருவர் இதைக் கேட்காமல் இருக்க மாட்டார். உறுப்பினர்களின் பணத்துக்கு நாம் காவலர்கள், மனித உரிமை பார்ப்பது நம் வேலையா? அணை உடைந்த பிறகு சந்தை திறந்த முதல் நாளில் வாலே பங்கு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு விலை இழந்தது என்று காட்டி வாயை அடைக்கலாம், நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். எனக்கு அந்த வாதத்தில் பாதி நம்பிக்கைதான். பங்கு விலையைத் தொடாமலே பல ஆண்டு நடக்கும் கொடுமைகள் உண்டு. சப்ளையரின் சப்ளையரிடம் கடன் கட்ட முடியாமல் மாட்டிக்கொண்ட தொழிலாளியின் கதை எந்த விலையிலும் தெரியாது. லாபத்தோடு சேர்த்துக் கட்டினால், லாபம் பாதிக்காத இடத்தில் மனித உரிமையைக் கழற்றிவிட வேண்டிவரும். ஐ.நா. நெறிகள் ஆபத்தை அளக்கச் சொல்வது பாதிக்கப்படுகிறவரின் பக்கத்திலிருந்து: எவ்வளவு கடுமையானது, எத்தனை பேருக்கு, திருத்த முடியுமா முடியாதா.

அப்படியானால் எதை எடுப்பது

வியாபாரமே தீங்காக இருந்தால், அல்லது கூட்டாளி ஒரு ராணுவமாக இருந்தால், பேசி நேரம் கழிக்காமல் விற்கலாம். காரணத்தை எழுதி வெளியிட வேண்டும். நிறுவனர் கையில் பெரும்பான்மை ஓட்டு இருக்கிற நிறுவனத்தில் ஓட்டை நம்பிப் பயனில்லை, கூட்டாகப் பேசுவதும் கடன் பத்திர வழியும் கொஞ்சம் உதவலாம். ஒரே தவறு தொழில் முழுவதும் பரவியிருந்தால் தனி நிறுவனத்தோடு மல்லுக்கட்டாமல் கூட்டணிக்குப் போவது மேல். மற்ற எல்லா நிலைமையிலும், பெரும்பாலான விவகாரங்கள் இந்த ரகம்தான், நான் தேர்ந்தெடுப்பது கெடு வைத்த பேச்சு. முதல் நாளிலேயே ஒரே தாளில் எல்லாம் இருக்க வேண்டும். என்ன மாற வேண்டும், அது மாறியதை யார் சொன்னால் ஏற்போம், எந்தத் தேதிக்குள், அந்தத் தேதி தாண்டினால் எந்த இயக்குநருக்கு எதிராக ஓட்டு, அதற்கும் பலனில்லை என்றால் எந்த மாதம் விற்பனை. இன்டெக்ஸ் ஃபண்டாக இருந்தால் கடைசி வரி மட்டும் இருக்காது. அதற்குப் பதில் அடுத்த ஆண்டு மொத்த வாரியத்துக்கும் எதிரான ஓட்டு.

எனக்கு இன்னும் தீராத ஒரு இடம் உண்டு. தேதி தாண்டி, விற்றுவிட்டு வரும்போது, புகார் கொடுத்தவர்களிடம் யார் சொல்வது? பிரிட்ஜ் என்ற பள்ளிச் சங்கிலியில் குழந்தைகள் பாலியல் வன்முறைக்கு ஆளான புகார்களின் மேல் விசாரணை நடந்துகொண்டிருந்தபோதே, 2022-ல் ஐஎஃப்சி தன் பங்கை விற்றுக்கொண்டு கிளம்பியது. பங்கோடு பொறுப்பும் கை மாறிவிட்டதா என்று அதற்குப் பிறகு பல மாதம் வாதம் நடந்தது. விற்பனைத் தேதிக்கு மேலே அந்தத் தாளில் இன்னொரு வரி வேண்டும் என்று நினைக்கிறேன்: கிளம்பும் முன் அவர்களோடு ஒரு கூட்டம், இதுவரை சேர்த்த விவரம் எல்லாம் அவர்கள் கையில்.